தேதி தாண்டிய டின்: வைப்பதா, வீசுவதா?

பரணைச் சுத்தம் செய்யும் நாளில்தான் இந்த வழக்கு விசாரணைக்கு வரும். துபாயிலிருந்து வந்த மாமா கொடுத்த சூரை மீன் டின், பாயசத்துக்கென்று வாங்கி மறந்துபோன கண்டென்ஸ்டு மில்க், ஏதோ சலுகை விலையில் வந்து சேர்ந்த அன்னாசித் துண்டுகள். எல்லாவற்றிலும் தேதி கடந்திருக்கும். வீட்டில் ஒருவர் "விஷம், தூக்கிப் போடு" என்பார். இன்னொருவர் "டின்னில் அடைத்தது கெடாது, ஒரு கொதி விட்டால் போதும்" என்பார். இருவரும் தேதியை வைத்தே வாதாடுவார்கள். டின்னைத் திருப்பிப் பார்க்கிறவர் யாரும் இல்லை.

டின் உணவு ஏன் கெடாமல் நிற்கிறது என்பது தெரிந்தால் பாதி வழக்கு முடிந்துவிடும். உணவை உள்ளே போட்டு, மூடியை மடித்து இறுக்கிய பிறகுதான் டின்னோடு சேர்த்துச் சூடேற்றுகிறார்கள். மீன், இறைச்சி, பட்டாணி, காளான் போன்ற புளிப்பில்லாத சரக்கு என்றால், டின்னின் நட்டநடுப் பகுதி 121 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் நிற்பதற்கு நிகரான சூட்டையாவது வாங்க வேண்டும். பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் பாக்டீரியாவின் வித்துகளை ஒழிக்கத்தான் இந்தக் கணக்கு. தக்காளி, அன்னாசி போன்ற புளிப்புச் சரக்கில் அந்த வித்து முளைக்காது; அவற்றுக்குக் குறைந்த சூடு போதும். எப்படியானாலும், மூடி இறுக்கமாக இருக்கும்வரை வெளியிலிருந்து எந்தக் கிருமியும் உள்ளே போக முடியாது.

இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். 1865-இல் அமெரிக்காவின் மிசூரி ஆற்றில் பெர்ட்ரண்ட் என்ற நீராவிப் படகு மூழ்கியது. நூறாண்டுக்குப் பிறகு அதன் சரக்கு சேற்றிலிருந்து வெளியே வந்தது. 1974-இல் அதில் கிடைத்த அடைத்த உணவுகளைத் திறந்து சோதித்தார்கள். நிறமும் மணமும் போயிருந்தன, சில வைட்டமின்கள் குறைந்திருந்தன. நுண்ணுயிர் வளர்ந்ததற்கான தடயம் இல்லை. நான்கு ஆண்டு கழித்து, 1978-இல், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஒரு சால்மன் மீன் டின்னைத் திறந்து சாப்பிட்ட நால்வரில் இருவர் பாட்டுலிசத்தால் இறந்தார்கள். அந்த டின்னில் கண்ணில் படாத அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. நூறாண்டுப் பழையது பிழைத்தது. ஓட்டை விழுந்தது கொன்றது. ஆகவே கீழே உள்ள எல்லா அறிகுறிகளிலும் நாம் தேடுவது ஒன்றைத்தான்: இந்த டின் இன்னும் அடைபட்டிருக்கிறதா?

முதலில்: அச்சிட்டிருப்பது எந்தத் தேதி?

"பெஸ்ட் பிஃபோர்" என்றால் அந்த நாள்வரை சுவையும் நிறமும் பதமும் சொன்னபடி இருக்கும் என்று தயாரிப்பாளர் தரும் வாக்கு. அதற்குப் பிறகும் உணவு பாதுகாப்பாக இருக்கலாம், தரம் குறையலாம். "யூஸ் பை" அல்லது "எக்ஸ்பைரி" என்றிருந்தால் கதை வேறு. அதன் பிறகு பாதுகாப்புக்கும் உத்தரவாதம் இல்லை என்று பொருள். இந்தியாவில் 2020-இல் வந்த லேபிள் விதிகள் காலாவதி தேதியைத்தான் கட்டாயமாக்கின. "பெஸ்ட் பிஃபோர்" கூடுதல் விவரமாகப் போடப்படுகிறது. இரண்டும் இருந்தால் காலாவதி தேதியையே கணக்கில் எடுங்கள். அது கடந்துவிட்டால் இந்தக் கட்டுரையின் சலுகைகள் அந்த டின்னுக்குப் பொருந்தாது. குழந்தைகளுக்கான பால்மாவு டின்னிலும் வாதமே வேண்டாம். தேதி போனால் டின்னும் போகட்டும்.

கனடாவில் 90 நாளுக்கு மேல் தாங்கும் பொருளுக்கும், ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தாங்கும் பொருளுக்கும் தேதி போட வேண்டிய கட்டாயமே இல்லை. அங்கிருந்து உறவினர் கொண்டுவந்த டின்னில் தேதியைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அடியில் பொறித்திருக்கும் எண்ணும் எழுத்தும் பெரும்பாலும் தொகுதி எண்தான். அமெரிக்க டின் என்றால் மாதம் முன்னால், நாள் பின்னால் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எவ்வளவு காலம் தாண்டலாம்? மீன், இறைச்சி, பயறு வகை டின்கள் அடைத்ததிலிருந்து 2 முதல் 5 ஆண்டுவரை நல்ல தரத்தில் இருக்கும். தக்காளி, அன்னாசி வகையறா 12 முதல் 18 மாதம். புளிப்பு உலோகத்தைத் தின்னும் என்பதால்தான் இந்த வேறுபாடு. "பெஸ்ட் பிஃபோர்" கடந்து ஓராண்டான மத்தி மீன் டின்னை, கீழே உள்ள சோதனைகளில் தேறினால், நான் தயங்காமல் குழம்பு வைப்பேன். ஓராண்டு தாண்டிய தக்காளிக் கூழ் டின்னை வாங்கியவரிடமே திருப்பிக் கொடுப்பேன்.

மூடி உப்பியிருக்கிறது

டின்னை மேசைமேல் வைத்து மூடியின் நடுவைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல டின்னின் இரண்டு முனைகளும் இம்மியளவு உள்வாங்கியிருக்கும், அழுத்தினால் அசையாது. உள்ளே காற்றை வெளியேற்றி அடைத்ததன் அடையாளம் அது. அழுத்தினால் "டொக்" என்று உள்ளே போய், விரலை எடுத்ததும் எழுந்து வந்தால் உள்ளே வாயு சேர்கிறது. ஒரு முனையை அமுக்கும்போது மறுமுனை புடைத்தாலும் அதே கதைதான். இரண்டு முனையும் கல்போல் புடைத்திருந்தால் அந்த டின்னை அழுத்திப் பார்க்கவும் வேண்டாம், வெடிக்கக்கூடும்.

வாயு எங்கிருந்து வந்தது? கிருமி உண்டாக்கியிருக்கலாம். புளிப்புச் சரக்கென்றால் அமிலம் உலோகத்தை அரித்து ஹைட்ரஜனை உண்டாக்கியிருக்கலாம். அதில் கிருமியே இருக்காது. ஆனால் எது எது என்று பிரித்தறிய நம் சமையலறையில் வழி இல்லை. தெரியாத வாயுவுக்குச் சந்தேகத்தின் பலனை அளிக்கும் தாராளம் எனக்கில்லை. உப்பிய டின் குப்பைக்கு. தேதி இன்னும் ஓராண்டு மீதி இருந்தாலும் குப்பைக்கு.

கொடைக்கானலிலும் ஊட்டியிலும் சிப்ஸ் பொட்டலம் தலையணையாக உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். மலைமேல் காற்றழுத்தம் குறைவதால் அப்படி. அதைச் சொல்லி டின்னுக்கும் சமாதானம் தேட வேண்டாம். நன்றாக அடைத்த டின்னுக்குள் பொட்டலத்தைப்போல் காற்று நிறைந்திருக்காது. சோடா வகை பானங்களின் டின் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதன் இறுக்கம் இயல்பானது.

வீசும் முறையும் முக்கியம். திறக்காதீர்கள். இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்டி, மேலே "கெட்டது" என்று பேனாவால் எழுதுங்கள். குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளருக்கு அது தெரிய வேண்டும். பழைய இரும்புக் கடைக்குப் போடலாமே என்று திறந்து கழுவுவது ஆபத்து. உள்ளே இருப்பதை வாசலில் மாட்டுக்கோ தெருநாய்க்கோ வைப்பதும் புண்ணியக் கணக்கில் சேராது. பாட்டுலிசம் மாட்டையும் கொல்லும்.

ஒடுக்கு விழுந்திருக்கிறது

பெட்டியில் பயணம் செய்த டின்களில் பாதிக்கு மேல் இந்த நோயாளிகள்தான். எங்கே விழுந்திருக்கிறது, எவ்வளவு ஆழம் என்பதே கேள்வி. உடற்பகுதியில் விரல் பதியாத ஆழத்தில், வழவழப்பாக இருந்தால் பிழையில்லை. விரலை உள்ளே கிடத்தும் அளவு ஆழமென்றாலும், கூர்மையான முனையோ மடிப்போ விழுந்திருந்தாலும் வேண்டாம். மேல், கீழ் விளிம்பிலும் பக்கவாட்டு இணைப்பிலும் விழுந்த ஒடுக்குக்கு ஆழம் பார்க்கவே வேண்டாம். சிறியதானாலும் அங்குதான் மூடி நெகிழும். ஒடுக்கு விழுந்த இடத்தைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். பிசுபிசுப்போ, காய்ந்த சாற்றின் தடமோ தட்டுப்பட்டால் டின் ஒழுகியிருக்கிறது.

துருப் பிடித்திருக்கிறது

ஈரத்துணியால் அழுத்தித் துடையுங்கள். துரு துணியோடு வந்து, கீழே உலோகம் பளிச்சென்று தெரிந்தால் சரி. குழி விழுந்திருந்தாலோ, பொருக்காக உதிர்ந்தாலோ வீசுங்கள். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம்போல உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் டின்னின் அடிப்பாகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சமையலறைத் தரையிலும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் டின் அடுக்குகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் டின்னே சொல்லும்.

வெள்ளத்தில் மூழ்கிய டின்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் பல வீடுகளுக்கு வந்த கேள்வி இது. சேதமில்லாத தொழிற்சாலை டின்னைக் காப்பாற்றலாம். லேபிளை உரித்துவிட்டு, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவுங்கள். பெரிய பாத்திரத்தில் டின் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றிக் கொதி வந்ததும் 2 நிமிடம் விட்டு எடுங்கள். ஆறியபின், உள்ளே என்ன இருக்கிறது, தேதி என்ன என்பதைப் பேனாவால் டின்மேல் எழுதி, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். வளையத்தை இழுத்துத் திறக்கும் டின், திருகு மூடி போட்ட பாட்டில், அழுத்து மூடி டப்பா ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. சாக்கடை நீர் அந்த மூடிகளின் இடுக்கில் தங்கும்.

வெளியே குறையொன்றும் இல்லை. ஆனால் வெயிலில் கிடந்தது

அச்சிட்ட தேதி "குளிர்ந்த, உலர்ந்த இடம்" என்ற நிபந்தனையோடு வருகிறது. ஓட்டுக் கூரைக்கும் கல்நார்க் கூரைக்கும் கீழுள்ள பரண், மே மாத வேலூரில், எந்த வகையிலும் குளிர்ந்த இடம் ஆகாது. 38 டிகிரிக்கு மேல் தொடர்ந்து கிடந்த டின்னில் சுவையும் நிறமும் வேகமாக இறங்கும். அதைவிட வினோதமான ஒன்றும் நடக்கும். தொழிற்சாலைச் சூட்டையும் தாங்கிப் பிழைத்த சில வெப்பவிரும்பி பாக்டீரியாக்கள், டின் நன்றாகச் சுடும்போது விழித்துக்கொள்ளும். இவை வாயு விடாமல் புளிப்பை மட்டும் உண்டாக்கும். மூடி தட்டையாகவே இருக்கும். திறந்தால் பட்டாணியில் தயிர் திரிந்தது போன்ற புளித்த வாடை. ஆளைக் கொல்லும் வகை இல்லைதான், ஆனாலும் சாப்பிட வேண்டாம். கார் டிக்கியில் கோடை முழுவதும் கிடந்த டின்னுக்குத் தேதி மீதி இருந்தாலும் நான் மதிப்பு வைப்பதில்லை.

திறக்கும்போது சத்தம், பீய்ச்சல்

திறப்பானால் முதல் குத்துக் குத்தும்போது காது கொடுங்கள். காற்று உள்ளே போகும் மெல்லிய "சுக்" ஒலி நல்லது. காற்று வெளியே சீறினால், சாறு பீய்ச்சினால், நுரை பொங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். மோந்து பார்க்கக் குனிய வேண்டாம். டின்னை அப்படியே பைக்குள் போட்டுக் கட்டி, சாறு தெறித்த இடத்தைப் பிளீச்சிங் கரைசலால் துடைத்து, துடைத்த துணியையும் வீசிவிட்டுக் கையைச் சோப்பால் கழுவுங்கள்.

உட்சுவர் கறுத்திருக்கிறது

மீன், சோளம், பட்டாணி, காளான் டின்களில் உட்சுவரில் கருநீலத் திட்டுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். உணவின் புரதத்திலுள்ள கந்தகம் டின்னின் வெள்ளீயத்தோடோ இரும்போடோ சேர்ந்த கறை அது. உணவே மொத்தமாகக் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது கறை இல்லை, கிருமி வேலை, வீசுங்கள்.

அன்னாசி டின்னில் உட்சுவர் வரிவரியாக அரித்து, பனிப்பூப் போலத் தெரியும். அன்னாசிக்கு உட்பூச்சு இல்லாத வெள்ளீய டின் பயன்படுத்துவது வழக்கம். பழத்தின் நிறம் கறுக்காமல் இருக்க வெள்ளீயம் தன்னையே கொஞ்சம் கரைத்துக்கொள்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியும் ஈயச் சொம்பில் ரசம் வைத்தும் பழகிய நமக்கு இந்த உலோகம் அந்நியமில்லை. ஆனால் அளவு உண்டு. டின் உணவில் கிலோவுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் வெள்ளீயம் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு. அதற்கு மேல் போனால் வயிற்றுப் பிரட்டலும் வாந்தியும் வரலாம். நாவில் உலோக வாடை தூக்கலாகத் தெரிந்தால் துப்பிவிடுங்கள். திறந்த டின்னில் காற்றுப் பட்டதும் வெள்ளீயம் பல மடங்கு வேகத்தில் கரையும். மீதியை டின்னோடு குளிர்பெட்டியில் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை விட்டு எவர்சில்வர் டப்பாவுக்கோ கண்ணாடிக்கோ மாற்றுங்கள். மீன், பயறு 3 அல்லது 4 நாள், பழம் ஒரு வாரத்துக்குள்.

மீனுக்குள் கண்ணாடித் துண்டு

கடைக்காரரோடு சண்டைக்குக் கிளம்பும்முன் ஒரு சோதனை செய்யுங்கள். அந்தத் துண்டைக் கரண்டிக்கு அடியில் வைத்து அழுத்துங்கள். கற்கண்டுபோல் நொறுங்கிப் பொடியானால் பாதி விடை கிடைத்துவிட்டது. இன்னொரு துண்டைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றி மெல்லச் சூடாக்குங்கள். சில நிமிடங்களில் விளிம்பு மழுங்கி, சிறுத்து, காணாமல் போகும். கண்ணாடி எத்தனை நேரமானாலும் அப்படியே கிடக்கும். கரைந்தது ஸ்ட்ரூவைட் என்ற படிகம். மீனில் இயல்பாகவே உள்ள மெக்னீசியம், பாஸ்பேட், அம்மோனியா மூன்றும் சேர்ந்து விளைவது. நாளாக ஆகப் பெரிதாகும் என்பதால் தேதி தாண்டிய சூரை, சால்மன் டின்களில் கண்ணில் படும். கேடில்லை. கரையாவிட்டால் சண்டைக்குப் போகலாம், துண்டையும் எடுத்துக்கொண்டு.

கண்டென்ஸ்டு மில்க் பழுத்திருக்கிறது

வெள்ளை நிறம் மாறிப் பால்கோவா நிறமாக, கெட்டியாக, அடியில் மணல்போல் நறநறவென்று இருக்கும். பாலின் சர்க்கரையும் புரதமும் மெல்ல வினைபுரிந்ததால் வந்த நிறம். மணல், படிகமான பால் சர்க்கரை. பாயசத்துக்குத் தாராளமாகப் போடலாம், தனி ருசிகூட வரும். மேற்பரப்பில் செம்பழுப்பாகச் சின்னச் சின்ன வில்லைகள் மிதந்தால் அது பூஞ்சை. வழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தும் சிக்கனம் வேண்டாம். தேங்காய்ப்பால் டின்னில் மேலே கட்டி, கீழே நீர் என்று பிரிந்திருந்தால் அது வெறும் பிரிவு, கலக்கினால் சேரும்.

எல்லாம் தேறிவிட்டது, மனம் மட்டும் ஒப்பவில்லை: குக்கரில் மூன்று விசில் விட்டால்?

தேறிய டின்னுக்குக் கொதியே தேவையில்லை. தேறாத டின்னுக்குக் கொதி போதாது. பாட்டுலினம் நஞ்சு 85 டிகிரியில் 5 நிமிடத்துக்கு மேல் நின்றால் அழியும் என்பது உண்மைதான். ஆனால் டின்னில் அந்த நஞ்சு மட்டுமே இருக்கும் என்று யார் சொன்னது? மீன் கெடும்போது உருவாகும் ஹிஸ்டமினைக் கொதி அசைக்காது. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா விடும் நஞ்சும் கொதிக்கு அசையாது. 1989-இல் அமெரிக்காவில் காளான் டின் சாப்பிட்டவர்களுக்கு அந்த நஞ்சால் வாந்தி வந்தது, தொழிற்சாலைச் சூட்டையே அது தாங்கியிருந்தது. நம் குக்கர் எம்மாத்திரம்?

"துளி நாக்கில் வைத்துப் பார்க்கிறேன்" என்பது இதைவிட மோசம். பாட்டுலினம் நஞ்சுக்கு நிறமும் மணமும் சுவையும் கிடையாது. ஒரு துளியே ஆளைச் சாய்க்கும். நாக்கைச் சோதனைக் கருவியாக்குகிறவர்கள் பெரும்பாலும் சமைக்கிற பெண்கள் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: டின்னைக் கண் பார்க்கட்டும், விரல் தடவட்டும், நாக்கு வேண்டாம்.

சாப்பிட்டாகிவிட்டது, இப்போது என்ன?

சூரை, கானாங்கெளுத்தி வகை மீனைச் சாப்பிடும்போதே நாக்கில் மிளகுக் காரம்போல் சுர்ரென்று பட்டு, ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து அரிப்பும் தலைவலியும் வந்தால் ஹிஸ்டமின். மூச்சு முட்டாதவரை பெரிய ஆபத்தில்லை, மருத்துவரைப் பாருங்கள். சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்தபடி மருத்துவமனைக்குப் போங்கள்.

இமை தொங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, பேச்சு குழறுவது, எச்சில் விழுங்கச் சிரமம், கழுத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கும் தளர்ச்சி ஆகியவை பாட்டுலிசத்தின் அறிகுறிகள். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் தொடங்கும், சில சமயம் பல நாள் தள்ளியும் வரும். காய்ச்சல் இருக்காது, நினைவு தெளிவாக இருக்கும். அதனாலேயே "அசதி" என்று படுக்க வைத்துவிடுகிறார்கள். 108-ஐ அழைத்து, செயற்கைச் சுவாச வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். நச்சுமுறி மருந்து எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. என்ன டின், எப்போது சாப்பிட்டது, வேறு யார் சாப்பிட்டார்கள் என்பதை மருத்துவர் கேட்கும்முன் நீங்களே சொல்லுங்கள். காலி டின்னையும் மீதி உணவையும் கழுவாமல் பையில் கட்டிக் குளிர்பெட்டியில் தனியாக வையுங்கள். அதே தொகுதி எண் பொறித்த டின் பரணில் இன்னும் இருந்தால், அதையும் இறக்கி அதோடு வையுங்கள்.